நீ வைத்த பொட்டும் நிற்காத மோட்டாரும்

என் பிரியமான ராமாத்தாளுக்கு,

உன் பேரைக் கண்டதும் திடுக்கிட்டிருப்பாய். ஒன்றாக வாழ்ந்த காலமெல்லாம் "ஏ புள்ள" என்றும் "இந்தா" என்றும்தானே உன்னைக் கூப்பிட்டேன். உன் பேரை என் வாய் சொன்னதெல்லாம் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும்தான். இப்போது எழுதியே விட்டேன். நானே எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து நடத்தவில்லை.

ஆமாம், எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது. நம் மருமகள் சுகந்திதான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அதே பெஞ்சில் நாங்கள் உட்காருகிறோம். முழங்கால் மேசையில் இடிக்கிறது. டீச்சருக்கு நம் பேத்தி வயதுதான் இருக்கும். நான் ஒரு வரியைத் தப்பில்லாமல் படித்துவிட்டால் "நல்லா வருதுங்கய்யா" என்று கை தட்டுகிறாள். அந்தக் கைதட்டலுக்காகவே மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு போகிறேன்.

சின்ன வயதில் பண்ணையத்தில் ஆடு மேய்த்தவனுக்கு, பிறகு பவுண்டரியில் மண் சுமந்தவனுக்கு, எழுபது தாண்டி இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் நினைத்தார்கள்? போன வாரம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். பல்லடம் என்று ஒரு பஸ் வந்தது. காங்கேயம் என்று ஒன்று. வெள்ளகோவில் என்று ஒன்று. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, எங்க போகோணும்?" என்றார். "எங்கயும் இல்லீங், போர்டு படிக்கலாம்னு வந்தேன்" என்றேன். "படிச்சாச்சுன்னா கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க சாமி, ஆளுக ஏறட்டும்" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. பாதி வழி வந்த பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

டீச்சர் எல்லோரையும் யாருக்காவது ஒரு கடிதம் எழுதிவரச் சொல்லியிருக்கிறாள். வகுப்புச் சுவரில் ஒட்டப் போகிறாளாம். சிலர் தண்ணீர் வரவில்லை என்று அதிகாரிக்கு எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். நாலு பேர் படிப்பார்களே என்று நீ கூச்சப்படாதே. உனக்கும் படிக்க வராது, எனக்குத் தெரியும். அதனால் எழுதி முடித்ததும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

விஷயம் நம் பிரீசரைப் பற்றியது.

அதை நீ வாங்கிவந்த நாள் என் கண்ணிலேயே நிற்கிறது. பல்லடத்தில் ஒரு பேக்கரியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீதான் போய்ப் பேசினாய். டெம்போவில் ஏற்றியபோது, சாய்ந்தால் மோட்டார் கெட்டுவிடும் என்று யாரோ சொல்ல, நீ பின்னால் ஏறி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சூலூர் வழியாக வீடுவரை வந்தாய். தலையெல்லாம் புழுதி. இறங்கியதும் "ஏனுங், இது படுத்துக்கறாப்பல மூடி, நின்னுக்கறாப்பல இல்ல. ஐஸுக்கு இதுதான் நல்லதுங்" என்று எனக்கு வகுப்பு எடுத்தாய். அன்றிலிருந்து நம் சந்தில் சேமியா ஐஸ் என்றால் ராமாத்தா ஊட்டு ஐஸ்தான்.

உனக்கோ குளிர் ஆகவே ஆகாது. ஐஸ் எடுத்துக் கொடுக்க என் பழைய பவுண்டரி காலுறையைக் கையில் மாட்டிக்கொள்வாய். பிள்ளைகள் "ஆயா, காலுக்குப் போடறதக் கையில போட்டிருக்கீங்க" என்று சிரிக்கும். "கையும் ஒரு காலுதான் போடா" என்பாய். மார்கழி வந்தால் காதுக்குக் குல்லா, கழுத்துக்குத் துண்டு. ஐஸ் விற்கிறவள் இப்படி மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யார் வாங்குவார்கள் என்று நான் எத்தனை முறை உன்னைச் சீண்டியிருப்பேன்.

இப்போது சுகந்திதான் ஐஸ் போடுகிறாள். பால் காய்ச்சுவது, சேமியாவை வேக வைப்பது எல்லாம் நீ செய்த மாதிரியேதான். ஏலக்காய் மட்டும் ஒரு சிட்டிகை கூடப் போடுகிறாள். சொல்லவில்லை, சொன்னால் வருத்தப்படுவாள். நம் மகன் செந்தில் லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டால் வர நாளாகிறது. அந்த ஐஸ்தான் அவளுக்குக் கைச்செலவு, பேரனுக்குப் பேனா பென்சில். நீ தொடங்கிவைத்த தொழில் நின்றுபோகவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் மாசி மாதத்திலிருந்து அந்தப் பெட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. மோட்டார் நிற்பதே இல்லை. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் ஓடும், டக்கென்று நிற்கும், மறுபடி ஓடும். நீ கூட, "அதும் மனுசன மாதிரித்தான், மூச்சு வாங்கிட்டு வேல செய்யுது" என்பாய். அந்த மூச்சு வாங்கல் போய்விட்டது. காலையில் எழுந்தால் ஓடுகிறது. சாப்பிடும்போது ஓடுகிறது. நான் வகுப்புக்குப் போய்விட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே பார்த்தால் ஓரமெல்லாம் பனி கட்டிக் கிடக்கிறது, ஐஸோ கெட்டியாகவில்லை. எதிர்வீட்டுச் சின்னப்பெண் ஒன்று குச்சியோடு திரும்பி வந்து, "தாத்தா, இது ஐஸா பாயசமா?" என்று கேட்டுவிட்டுப் போனது. சுகந்தி முகம் சுருங்கிப் போயிற்று.

அந்தச் சத்தம் என்னை என்ன செய்தது என்று உனக்குச் சொல்கிறேன். சுகந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

நீ போன அன்று செந்தில் நாக்பூர் பக்கம் இருந்தான். அவன் வந்து சேரும்வரை உன்னை வைத்திருக்க வேண்டும் என்று வாடகைக்கு ஐஸ் பெட்டி கொண்டு வந்தார்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அதற்குள் உன்னைப் படுக்க வைத்து ஒயரைச் செருகினார்கள். சுற்றிலும் சொந்தபந்தம், ஒறம்பரைகள் எல்லாம் அழுதார்கள். எனக்கு அழுகைச் சத்தம் கேட்கவில்லை, ராமாத்தா. அந்த மோட்டார் சத்தம்தான் கேட்டது. கண்ணாடியில் பனி படிந்து உன் முகம் மங்கலாகிக்கொண்டே போனது.

நான் எழுந்துபோய் அந்தப் பெட்டிக்காரப் பையனிடம் கேட்டேன். "தம்பி, இதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கலாங்களா? அவளுக்குக் குளிர் ஆகாதுங்க."

அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "நிறுத்தக் கூடாதுங்கய்யா. இது ஓடிட்டே இருக்கோணும்" என்றான்.

யாரோ என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். போர்வை ஒன்று கொண்டுவந்து உள்ளே போர்த்தலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ? கேட்டிருந்தால் சிரித்திருப்பார்களா, போர்த்தியிருப்பார்களா? இன்றுவரை தெரியவில்லை.

செந்தில் அடுத்த நாள் வந்து சேரும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் நம் பிரீசர் நிற்காமல் ஓடத் தொடங்கியதும் எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. நீ மறுபடியும் அந்தக் கண்ணாடிக்குள் படுத்திருப்பது போலவே இருந்தது. சுகந்தி என்னை எழுத்து வகுப்பில் சேர்த்ததற்குக் காரணம்கூட இதுதான். "சும்மா அதையே பாத்துட்டு உக்காந்திருக்காதீங் மாமா, நாலு எழுத்துப் படிச்சுட்டு வாங்க" என்றாள்.

உக்கடத்திலிருந்து யூசுப் பாய் வந்தார். உனக்கு அவரைத் தெரியும். டெம்போவில் வந்த பெட்டியை இறக்கி, ஒரு நாள் அப்படியே நிற்க விட்டுப் பிறகு பிளக் போட்டுக் கொடுத்தவர். தாடி நரைத்துவிட்டது. உன் படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். "சேதியே வரலீங்களே பெரியவரே. மவுத்துக்கு வந்திருப்பேனே" என்றார். பிறகு கீழே உட்கார்ந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சு விடாம ஓடுதுங்க. தர்மாஸ்டாட் போயிருக்கும்."

சுவரை ஒட்டி இருந்த பெட்டியை முன்னால் இழுத்தார். பின்னால் இருந்த ஒட்டடையைத் தட்டினார். குளிரைப் பார்த்து மோட்டாரை நிறுத்துகிற அந்தச் சின்னச் சாமானைக் கழற்றி வேறு போட்டார். "இனி நிக்குமுங்க, பயப்படாதீங்க" என்று டீ குடித்துவிட்டுப் போனார். நானும் சுகந்தியும் காத்திருந்தோம். நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை.

செந்தில் போனில் பேசினான். "அப்பா, அந்தக் கெழட்டுப் பொட்டியக் காயலாங்கடையில போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்ப்பா."

"கெழடுன்னு போடறதுன்னா என்னையும் போடோணுமல்ல" என்றேன்.

"உங்களை எந்தக் கடையில எடுப்பாங்க?" என்று சிரித்தான். லாரி ஹாரன் கேட்டது. வைத்துவிட்டான்.

யூசுப் பாய் இரண்டாம் தடவை வந்தபோது அவருக்கே கோபம். "நான் பாத்த வேலை நிக்காம ஓடுதுன்னா என்ற மானம் போகுதுங்க" என்றார். வெகு நேரம் பெட்டியைச் சுற்றி வந்தார். பிறகு, "ஒரு காயிதம் குடுங்க" என்று கை நீட்டினார்.

நான் எழுதிப் பழகிய தாளில் ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அட, உங்க கையெழுத்துங்களா? நம்முளத விட நல்லாருக்குதே. கசங்குனாப் பரவால்லீங்களா?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எத்தன வேணும்னாலும் கசக்குங்க பாய், இன்னும் எழுதித் தாரேன்" என்றேன்.

அவர் மூடியைத் திறந்து, தாளை விளிம்பில் வைத்து மூடி, வெளியே இருந்த நுனியைப் பிடித்து இழுத்தார். இடது பக்கம் தாள் வரவில்லை, இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. வலது பக்கமும் அப்படியே. முன்பக்கம் நடுவில் வைத்து இழுத்தபோது தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி வைத்தார். மறுபடியும் வந்துவிட்டது.

மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "இது என்னங்க, சிமெண்டு பூசி வெச்சிருக்கீங்க?"

"சந்தனமுங்க பாய்."

"சந்தனம் இத்தன ஒசரம் இருக்குமா? கோபுரமாட்டக் கட்டி விட்டிருக்கீங்களே!" சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ராமாத்தா, உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் படிக்கிறவர்களுக்காகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை குளித்ததும் நீ முதலில் போவது சாமி படத்துக்கு இல்லை, பிரீசருக்குத்தான். மூடியைத் திறந்து, மூடி வந்து உட்காருகிற அந்த முன் விளிம்பில் சந்தனமும் மஞ்சளும் குழைத்து மூன்று பொட்டு வைப்பாய். நடுவில் குங்குமம். எல்லோரும் சாமானுக்கு வெளியே பொட்டு வைப்பார்கள், நீ ஏன் உள்ளே வைக்கிறாய் என்று கேட்டேன். "இதும் வாசக்காலுதானுங். இதைத் தாண்டித்தான நமக்குச் சோறு வருது" என்றாய்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் வைத்தாய். கருமாதி முடிந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை சுகந்தி துணியோடு அதன் பக்கத்தில் போனாள். மூடியைத் திறந்திருந்தாள். நான் ஓடிப்போய், "நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ போ" என்றேன். அன்றிலிருந்து நானே வைக்கிறேன். உன் பொட்டை நான் துடைக்கவில்லை. எப்படித் துடைப்பேன்? உன் சேலையெல்லாம் ஒறம்பரைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் குரல் எந்தப் போனிலும் இல்லை. உன் விரல் பட்ட அடையாளம் இந்த வீட்டில் அந்த மூன்று பொட்டுதான். அதன் மேலேயே என் பொட்டை வைத்தேன். அடுத்த வாரம் அதன் மேலே. அதற்கடுத்த வாரம் அதற்கும் மேலே. உன் பொட்டு அடியில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு.

"தொடாதீங்க பாய்" என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த சுகந்தி மெதுவாகச் சொன்னாள்: "அடியில அத்தை வெச்சது இருக்குதுங்க பாய்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் தெரிந்துகொண்டே ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

யூசுப் பாய் ஸ்குரு டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "மூடி சந்தன மேட்டு மேல உக்காருதுங்க. ரப்பர் சரியாப் படியலை. கண்ணுக்குத் தெரியாத சந்து ஒண்ணு இருக்கு, வெளிக்காத்து உள்ள போயிட்டே இருக்கு. பொட்டி என்ன பண்ணும்? இன்னும் குளிரு பத்தலன்னு ஓடுது. ஓடி நிக்க வேண்டிய மோட்டாருங்க. இந்தக் கோடையத் தாங்காது, வெந்து போயிரும்."

"வேற வழி இல்லீங்களா?"

"இருந்தாச் சொல்ல மாட்டனா? நான் கை வெக்க மாட்டேன் பெரியவரே. உங்களுக்கு எப்பத் தோணுதோ, சுடுதண்ணில துணிய நனைச்சு நீங்களே தொடைங்க. இரும்பு படக் கூடாது, ரப்பர் கிழிஞ்சிரும்." போகும்போது உன் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு செந்தில் போன் செய்தபோது சுகந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போனை என்னிடம் கொடுத்தாள். திட்டுவான் என்று நினைத்தேன். லாரியை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா வெச்ச பொட்டு இன்னும் இருக்குதாப்பா?" என்றான். "எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கப்பா." சுகந்தி எடுத்து அனுப்பினாள். அதில் என்ன தெரியும்? என் பொட்டுகள்தான் மேடாகத் தெரியும். உன்னை உயிரோடு கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்காத பிள்ளை, அந்த மஞ்சள் மேட்டைப் பார்த்துக்கொண்டு எந்த ரோட்டோரத்தில் லாரியை நிறுத்தி உட்கார்ந்திருந்தானோ.

என்னால் முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டேன். ஓடியது. வெயில் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தால் சுட்டது. இந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீ. உன் பொட்டைக் காப்பாற்றுகிறேன் என்று உன் பெட்டியைக் கொன்றுகொண்டிருந்தேன். தெரிந்தேதான் செய்தேன். ஒன்றை வைத்துக்கொண்டால் இன்னொன்று போகும். எதை விடுவது, நீயே சொல்?

நீ சொல்லவில்லை. சுகந்தி சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் வகுப்பிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தேன். உருகிப்போன ஐஸையெல்லாம் அவள் ஒரு போசியில் கொட்டிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"மாமா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லம்மிணி."

"நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து வெள்ளிக்கெழமைன்னா எனக்கு முதல்ல கேக்கறது அத்தை ஈரத்துணியப் பிழியற சத்தந்தானுங். அவங்க பொட்டு வெக்கறதுக்கு முந்தி நல்லாத் தொடைப்பாங்க. ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணி. தொடைக்காம வெச்சதே இல்ல. போன வாரத்துப் பொட்ட அவங்க ஒரு நாளும் வெச்சிருந்ததில்லீங் மாமா."

நான் பிரீசர் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க பாதியத்தான் செஞ்சுட்டு இருக்கறீங்க" என்றாள். பிறகு திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்ப அத்தை வந்து பாத்தாங்கன்னா, பொட்டுன்னு சொல்வாங்களா? 'எவ இது, அழுக்கு மேல அழுக்க அப்பி வெச்சிருக்கறது'ன்னுதான் கேப்பாங்க. உங்களை வெளுத்துப் போடுவாங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது நிஜம். நீ அப்படித்தான் கேட்பாய். உன் சொந்தப் பொட்டைப் பற்றி உனக்கு ஒரு துளி ஆசையும் இருந்ததில்லை. வாரா வாரம் நீயே அழித்தாய், நீயே வைத்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அதை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்ததுதான் என் கண்ணில் நின்றது. துடைத்ததை நான் பார்த்ததாகவே நினைவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்தேன். சுகந்தி சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சட்டென்று வரவில்லை. துணியை நனைத்து மேலே வைத்து ஊற விட்டேன். ஊறியதும் முதலில் என்னுடையது கரைந்தது. கட்டைவிரலால் அப்பிய பொட்டுகள், பெரிசு பெரிசாக, ஒன்றும் வட்டமில்லை. ஒன்றின் கீழே ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் மஞ்சளாகியது. சுகந்தி கிண்ணத்தை மாற்றிக் கொடுத்தாள்.

அப்புறம் அது தெரிந்தது. அடியில், சின்னதாக, மோதிர விரல் நுனி அளவுக்கு. மூன்றும் ஒரே அளவு. மூன்றுக்கும் இடைவெளியும் ஒரே அளவு. நடுவில் இருந்த குங்குமம் மட்டும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அன்றைக்கு உனக்கு நெஞ்சு வலி வந்துகொண்டிருந்ததா? கை நடுங்கியதா? யாரிடமும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாயா?

"சுகந்தி, இங்க வா" என்றேன். அவள் வந்து பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். போனை எடுத்துச் செந்திலுக்காக ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு, "கொஞ்சம் சுரண்டி ஒரு டப்பாவுல போட்டு வெக்கலாங்களா மாமா?" என்று கேட்டாள்.

நானும் அதை நினைக்காமல் இல்லை. ஆனால் டப்பாவில் போட்டு மூடி வைத்தால் அது உன் பொட்டாக இருக்குமா? உன்னைப் பெட்டிக்குள் போட்டு மூடியதை ஒரு தடவை பார்த்துவிட்டேன், புள்ள. இன்னொரு தடவை என்னால் ஆகாது.

"வேண்டாம் கண்ணு" என்றேன்.

ஈரத்துணியை அதன் மேல் வைத்தேன். அழுத்தவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தேன். துணியை எடுத்தபோது விளிம்பு வெள்ளையாக இருந்தது. காய்ந்த துணியால் துடைத்தேன். மூடியின் ரப்பரையும் சுற்றிலும் சுடுதண்ணீரில் துடைத்து, அமுங்கிப்போன இடத்தை விரலால் நீவி விட்டேன். அந்த மஞ்சள் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. காலில் மிதிபடாத இடமாகப் பார்த்து, கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினேன்.

புதிதாகச் சந்தனம் குழைத்தேன். எங்கே வைப்பது என்று சுகந்தியைக் கேட்டேன். "மூடிக்கு மேல, வெளிய வெச்சுக்கலாங் மாமா, ரப்பருக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். இல்லை என்றேன். வாசக்கால் என்று நீ சொன்னது அந்த விளிம்புதானே. ரப்பர் படியாத உள்பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி, அதே விளிம்பில் மூன்று பொட்டு வைத்தேன். இந்தத் தடவை மோதிர விரலால், மெல்லிசாக. சுகந்தி முன்பக்கம் நடுவில் தாளை வைத்து, மூடியை மூடி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பிளக்கைச் செருகினாள்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் சமைக்கப் போனாள், வந்து பார்த்தாள், மறுபடி போனாள். மத்தியானம் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். ஓடிக்கொண்டே இருந்தது. சுட்ட பெட்டி குளிர வேண்டுமல்லவா, நேரமாகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் டக்கென்று நின்றது.

சுகந்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "நின்னுபோச்சுங் மாமா! நின்னுபோச்சு!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தாள். வீடு அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. தெருவில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர், எல்லாம் வந்தது. நீ மட்டும் வரவில்லை. நீ போன அன்று எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. சுகந்தி என் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுது முடிப்பதற்குள் மோட்டார் மறுபடி தானாகவே ஓடத் தொடங்கியது. கொஞ்சம் ஓடிவிட்டு நின்றது. இப்போது அது எனக்கு வேறு எந்தப் பெட்டியின் சத்தமாகவும் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிரீசர் சத்தமாகத்தான் கேட்கிறது.

செந்தில் அந்தப் போட்டோவைப் போனில் வைத்திருக்கிறான். போன வாரம் வந்தபோது காட்டினான். பெரிசாக்கிப் பார்த்தோம். "அம்மாவுக்குக் கை கொஞ்சம் சாஞ்சிருக்குதப்பா" என்றான். "ஆமாஞ் சாமி" என்றேன்.

ஐஸ் இப்போது கல்லு மாதிரி இருக்கிறது. பாயசமா என்று கேட்ட அந்தப் பெண், பல் கூசுகிறது என்று புகார் சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது, டீ ஆறிப்போகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. வாயால் உன்னிடம் சொல்லாததையெல்லாம் கையால் சொல்ல முடிகிறது. முன்பே கற்றிருந்தால் நீ இருக்கும்போதே எழுதியிருப்பேனா? எழுதியிருந்தாலும் நீ என்ன செய்திருப்பாய்? மடித்து அரிசிப் பானைக்குள் போட்டிருப்பாய்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன், ராமாத்தா. போன வாரம் நான் வைத்த பொட்டை நாளைக்குக் காலையில் துடைப்பேன். ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. அதற்குப் பிறகுதான் வைப்பேன். நாளைக்கு வைப்பதை அடுத்த வாரம் துடைப்பேன். துடைக்க மனசு வராதுதான். வராவிட்டாலும் துடைப்பேன். என்னால் முடியாமல் போகிற காலத்தில் சுகந்தி துடைப்பாள். அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அவள் உன் கையைப் பார்த்தவள்.

உன் அத்தை மகன்,
உன் வீட்டுக்காரன்,
மாரப்பன்